சிரட்டைக்கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

இலங்கையில் பெரும்பாலான ஆண்டுகளில் 250 கோடிக்கும் 300 கோடிக்கும் இடைப்பட்ட தேங்காய்கள் விளைகின்றன. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் அவற்றின் சிரட்டைகளைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். ஆலைகள் அந்தக் கரியை வாங்கி, நுண்துளைகள் திறக்கும்படி நீராவியால் உயிர்ப்பூட்டி, கொழும்புத் துறைமுகம் வழியாக உலகெங்கும் அனுப்புகின்றன. குடிநீர் வடிகட்டிகளிலும் நச்சுவாயு முகமூடிகளிலும் தங்கச் சுரங்கங்களிலும் அது வேலை செய்கிறது. 1973 இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இத்துறையில் உலகின் முன்னணி உற்பத்தியாளர்களுள் ஒன்று.

இத்தனை கரியை ஏற்றுமதி செய்யும் நகரம், தன் பட்டறைகளிலிருந்து வடியும் ஈயத்தையும் நிக்கலையும் குரோமியத்தையும் அதே கரியால் பிடித்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பிடிக்கலாம். ஆனால் கப்பலேறும் கரியை அப்படியே தொட்டியில் கொட்டினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. உமி, தேயிலைச் சக்கை, வாழைத்தோல் என ஏதோ ஒன்றின் கரி பார உலோகத்தை 99 வீதம் அகற்றியது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்த அளவீடுகள் பொய்யல்ல. கரியின் மேற்பரப்பில் என்ன இருந்தது, வேலை முடிந்த கரி எங்கே போனது ஆகிய இரண்டையும் அச்செய்திகள் சொல்வதில்லை. முழு விடயமும் அந்த இரண்டில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உலோகங்களைப் பற்றி. சாயத்தையும் எண்ணெயையும் பூச்சிகொல்லியையும் வெயிலோ பற்றீரியாவோ என்றாவது ஒருநாள் சிதைத்துவிடும். ஈயம் ஒரு மூலகம். அதைச் சிதைக்க இயற்கையிடம் வழி இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம், அவ்வளவுதான். கொதிக்க வைத்த நீர் பாதுகாப்பானது என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. கிருமிக்கு அது சரி. உலோகம் ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

குடிநீரில் லீற்றருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், கட்மியம் 0.003, குரோமியம் 0.05 என்பவை உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் அளவுகள். இவ்வளவு சிறிய அளவுகள் ஏன் என்பதற்கு ஜப்பான் கொடுத்த விலை பெரியது. மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த இரசம் (பாதரசம்) மீனில் ஏறி மனிதர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது 1956 இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவின் கட்மியம் வயல் வழியாகச் சோற்றில் ஏறி, பெண்களின் எலும்புகளை நொறுங்கும்படி ஆக்கியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்றை மருத்துவம் இன்றுவரை கண்டறியவில்லை.

கொழும்பில் இந்த உலோகங்கள் எங்கிருந்து வரக்கூடும்? நகரின் குடிநீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து, அம்பத்தளையில் எடுக்கப்படுகிறது. அதற்கு மேலே பியகம ஏற்றுமதி வலயம் இருக்கிறது. அங்குள்ள ஆலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. குறையிருந்தால் கேட்பதற்கு ஒரு முகவரியாவது இருக்கிறது. என் கவலை சிறு பட்டறைகளைப் பற்றியது. செட்டியார் தெருவை அண்டிய சந்துகளில் தலைமுறைகளாக நம்மவர்கள் நடத்தும் நகைத் தொழிலில், பொன்னைச் சுத்தம் செய்ய நைத்திரிக் அமிலம் வேண்டும். கலப்பிலுள்ள வெள்ளியும் செம்பும் அதில் கரையும். வெள்ளிக்கு விலை உண்டு, அதை மீட்டுவிடுவார்கள். எஞ்சுவது செம்பு கரைந்த நீலப்பச்சை அமிலம். நகைத் துண்டுகளைப் பொருத்தும் பற்றாசில் கட்மியம் கலந்திருந்தால், ஊதும்போது எழும் புகை பணியாளரின் நுரையீரலுக்குப் போகிறது. கழுவும் நீரில் மீதி போகிறது. முலாம் பூசும் தொழிலில் நிக்கலும் குரோமியமும், பழைய பற்றறிகளைப் பிரிக்கும் தொழிலில் ஈயமும் அமிலமும் கழிவாகின்றன.

பத்தடிக்குப் பத்தடி அறையில் நடக்கும் தொழிலுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடமும் இல்லை, பணமும் இல்லை. நகரின் பழைய கழிவுநீர்க் குழாய்களோ முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகின்றன. நாளை நல்ல உயிரியல் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தாலும் உலோகம் மறையப்போவதில்லை. அந்த நிலையத்தின் சேற்றில் போய்த் தங்கும். ஆகவே பட்டறையின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். மலிவாகவும் சிறிதாகவும் இருக்கக்கூடிய கரிக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சுட்டால், எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரியாக எஞ்சும். ஒரு தொன் கரிக்கு 20,000 தேங்காய்களின் சிரட்டை தேவைப்படும். அந்தக் கரிமேல் 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியைச் செலுத்தும்போது, நீராவி காபனை அணு அணுவாக அரித்து, காபன் மொனொக்சைட்டாகவும் ஐதரசனாகவும் வெளியேறுகிறது. அரித்த இடமெல்லாம் நுண்துளைகள். சிரட்டைக் கரியில் அவை பெரும்பாலும் இரண்டு நனோமீற்றருக்கும் குறைவான விட்டமுள்ளவை. ஒரு கிராமின் உட்பரப்பை விரித்துப் பார்த்தால் 1,000 சதுர மீற்றரைத் தாண்டும். கொழும்புக் காணி வணிகரின் கணக்கில் 40 பேர்ச்சஸ்.

இந்தப் பரப்பளவுதான் கரியின் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடிக்கும் என்று அளந்து, அந்த ‘அயடீன் எண்’ 1,000க்கு மேலிருந்தால் நல்ல சரக்கு என்பது சந்தை வழக்கம். நிறம், நாற்றம், கரைந்த எண்ணெய் ஆகியவற்றுக்கு அது பொருத்தமான அளவுகோல். அவற்றின் மூலக்கூறுகளுக்கு நீரோடு பெரிய ஒட்டுறவு இல்லை. கரியின் மேற்பரப்பு கிடைத்தால் நீரை விட்டு அங்கே ஒட்டிக்கொள்ளும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது வடக்கு மக்கள் பட்ட துயரம் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அத்தகைய எண்ணெய் மாசுக்குச் சாதாரண சிரட்டைக் காபன் நன்றாகவே உதவும்.

ஈயத்தின் கதை வேறு. நீரில் கரைந்த ஈயம் இரண்டு நேரேற்றம் கொண்ட அயன். நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி இறுக அணைத்து நிற்கின்றன. துளைக்குள் நுழைய அதற்கு இடம் போதும். ஆனால் நீரை உதறிவிட்டு வெறும் காபன் சுவரில் ஒட்டிக்கொள்ள அதற்குக் காரணமே இல்லை. அதைப் பிடிக்க, சுவரில் எதிரேற்றம் கொண்ட இடங்கள் வேண்டும். மரப்பொருளைக் கரியாக்கும்போது மேற்பரப்பில் எஞ்சும் ஒட்சிசன் சார்ந்த அமிலக் கூட்டங்கள்தான் அந்த இடங்கள். ஓர் ஐதரசனை விட்டுக்கொடுத்து உலோக அயனை அவை ஏற்றுக்கொள்கின்றன.

நீராவி உயிர்ப்பூட்டல் செய்யும் இழப்பு இங்கேதான் தெரிகிறது. 900 பாகை வெப்பம் துளைகளைத் திறக்கும்போதே அந்த அமிலக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை எரித்துத் துரத்திவிடுகிறது. மிஞ்சுவது காரத்தன்மையுள்ள மேற்பரப்பு. நடுநிலையான நீரில் அது நேரேற்றம் பெற்று, நேரேற்றமுள்ள ஈயத்தையும் நிக்கலையும் விலக்குகிறது. அயடீன் எண் உயர்ந்த முதல்தரச் சரக்கு, உலோகத்தைப் பிடிப்பதில் 500 பாகையில் சுட்ட எளிய கரியிடம் தோற்றுப்போவது இதனால்தான்.

அப்படியானால் தங்கச் சுரங்கங்களில் சிரட்டைக் காபன் எப்படி வேலை செய்கிறது? அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1973 இல் வணிக அளவில் வேரூன்றிய முறை அது. தாதிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைட்டுக் கரைசலில் தங்கம் தனி நேர் அயனாக இருப்பதில்லை. இரண்டு சயனைட்டுகளோடு பிணைந்து, பருத்த, நீரோடு ஒட்டுறவு குறைந்த எதிரேற்ற அயனாக இருக்கிறது. கரிக்கு அது மிகவும் பிடித்த உருவம். கரைசலில் உலோகம் எந்த உருவில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் கரியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இழந்த அமிலக் கூட்டங்களைத் திரும்பப் பெற வழிகள் உண்டு. நைத்திரிக் அமிலத்தாலோ ஐதரசன் பேரொட்சைட்டாலோ கரியை ஒட்சியேற்றலாம். 300 முதல் 400 பாகையில் கட்டுப்பாடாகக் காற்று ஊட்டலாம். பரப்பளவு கொஞ்சம் குறையும், உலோகப் பிடிப்பு பல மடங்கு கூடும். இரசத்துக்குக் கந்தகம் ஏற்றிய கரி தேவை. இரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாமல் பற்றும். ஆசனிக் நீரில் எதிரேற்றம் கொண்டோ ஏற்றமே இல்லாமலோ இருப்பதால், அதற்கு இரும்பு ஒட்சைட்டு ஏற்றிய கரி பொருந்தும்.

குரோமியத்தில் ஒரு பொறி இருக்கிறது. முலாம் தொட்டியிலிருந்து வருவது ஆறுவலுக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. அது எதிரேற்ற அயனாக இருப்பதால் பி.எச். (அமில-கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2 அல்லது 3 அளவிலான அமில நீரில் கரியை நோக்கி ஓடிவரும். வந்ததும் கரி அதற்கு இலத்திரன்களைக் கொடுத்து மூவலுக் குரோமியமாக மாற்றிவிடும். நச்சு வெகுவாகக் குறைந்த அந்த மூவலு அயன் அமில நீரிலேயே திரும்பக் கரைந்து வெளியே போகலாம். ஆறுவலுவை மட்டும் அளந்தால் முழுவதும் அகன்றதாகத் தெரியும். மொத்தக் குரோமியத்தை அளந்தால் பாதி இன்னும் நீரில் இருக்கக்கூடும். பிறகு சுண்ணாம்பிட்டு அதை வீழ்படிவாக்குவது எளிது, ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே செய்வார்கள். குரோமியம் பற்றிய எந்த அறிக்கையிலும் நான் முதலில் தேடுவது மொத்தக் குரோமியத்தின் அளவைத்தான்.

அமிலத்தன்மை மற்ற உலோகங்களின் கணக்கையும் மாற்றும். பி.எச். 5 இலிருந்து 3 க்கு இறங்கினால் நீரிலுள்ள ஐதரசன் அயன்கள் 100 மடங்காகின்றன. அமிலக் கூட்டங்களில் உலோகத்துக்குரிய இடத்தை அவையே நிரப்பிக்கொள்ளும். பி.எச். 6 ஐத் தாண்டினால் ஈயம் ஐதரொட்சைட்டாகத் தானாகவே படியத் தொடங்கும். காரத்தன்மையுள்ள கரியை ஆய்வுகூடக் குடுவையில் போட்டால் நீரின் பி.எச். உயரும், உலோகம் படியும், கரி பிடித்ததாகப் பதிவாகும். கரிக்கு உரிய பெருமையும் பி.எச். உயர்வுக்கு உரிய பெருமையும் பல ஆய்வுகளில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கின்றன.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், உயிர்ப்பூட்டாத எளிய கரிகள் மேல் மதிப்பு பிறக்கிறது. பல் தேய்த்த உமிக்கரியை நம் மூத்தவர்கள் நன்கறிவார்கள்; நகைப் பட்டறையின் உலைச்சட்டியிலும் உமியும் கரியும்தான் தணல் காத்தன. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதன் கரியில் காபனோடு சிலிக்காவும் இருக்கிறது. தும்புத்தூளில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதிகம். தேயிலைச் சக்கையை மிதமான வெப்பத்தில் சுட்டால் ஒட்சிசன் கூட்டங்கள் நிறைந்த கரி கிடைக்கிறது. கால்வாய்களை அடைக்கும் ஆகாயத்தாமரையின் கரியில் பொற்றாசியமும் கல்சியமும் மிகுதி. அவை உலோக அயனோடு இடம் மாற்றிக்கொள்ளும், கரியிலுள்ள பொசுபேற்றும் காபனேற்றும் ஈயத்தைக் கரையாத உப்பாக்கிப் படியவைக்கும். ஆனால் நகரக் கால்வாயில் வளர்ந்த செடி ஏற்கெனவே உலோகத்தை உறிஞ்சியிருக்கும். அதைக் கரியாக்கும் முன் சோதிக்காமல் விடுவது பெருந்தவறு.

இந்த அறிவுக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மெத்திகா விதானகேயும் சக ஆய்வாளர்களும் பல்லாண்டுகளாக இலங்கைத் தாவரக் கழிவுகளைச் சுட்டுப் பெறும் கரியை, அதாவது உயிர்க்கரியை, ஆராய்ந்து வருகிறார்கள். உயிர்ப்பொருள் மின்னுற்பத்தியில் எஞ்சிய சீமைக்கிளுவைக் கரியை, நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே மிகுந்த மண்ணில் கலந்து, அவ்வுலோகங்கள் செடிக்கு ஏறுவதைக் குறைக்க முடியும் என்று காட்டினார்கள்.

இனி, ஆய்வுக் கட்டுரையிலிருந்து தொட்டிக்கு வரும்போது என்ன நடக்கிறது? கட்டுரைகள் சொல்லும் ‘உச்சப் பிடிப்பு’ பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், ஒரே ஓர் உலோகத்தை மிகுந்த செறிவில் கரைத்து அளந்தது. உண்மைக் கழிவில் கல்சியமும் சோடியமும் சவர்க்காரமும் போட்டியிடும். கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். முலாம் பட்டறை ஒன்றிலிருந்து நாளுக்கு 1,000 லீற்றர் நீர், லீற்றருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 50 கிராம் நிக்கல். நிஜத்தில் ஒரு கிராம் கரி 5 மில்லிகிராம் பிடித்தால் நாளுக்கு 10 கிலோ கரி வேண்டும். எந்தப் பட்டறையும் அதைத் தாங்காது.

அதே நீரில் முதலில் சுண்ணாம்பிட்டு பி.எச். ஐ 10 க்கு மேல் உயர்த்தினால் நிக்கலின் பெரும்பகுதி சேறாகப் படியும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் எஞ்சினால், அதை நடுநிலைக்குக் கொண்டுவந்து கரியினூடாக விடலாம். செறிவு குறைந்தால் கரியின் பிடிப்பும் குறையும். கிராமுக்கு 2 மில்லிகிராம் என்றே எடுத்தாலும் நாளுக்கு அரைக் கிலோ போதும். கரியின் இடம் கடைசிப் படி. சுண்ணாம்பால் எட்ட முடியாத மிச்சத்தை அது எட்டும். சுண்ணாம்பு செய்யும் முரட்டு வேலையை அதன் தலையில் கட்டக்கூடாது. சயனைட்டுக் கலந்த கழிவு என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு, காரநிலையில் குளோரின் சேர்மத்தால் சயனைட்டை அழித்தாக வேண்டும். அதில் அமிலம் பட்டால் எழும் ஐதரசன் சயனைட்டு வாயு நிமிடங்களில் உயிரைக் குடிக்கும்.

வீட்டில் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காபன் வடிகட்டி என்ற பெயர் ஈயத்தை அகற்றும் என்பதற்கு உத்தரவாதமல்ல. வடிகட்டிகளுக்கு வழங்கப்படும் என்எஸ்எஃப் தரச்சான்றில் 42 என்ற எண் சுவை, மணம், குளோரின் பற்றியது. உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கானது 53; அதிலும் ஈயம் என்று குறிப்பாக எழுதியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த கரி எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். உலோகம் நிறைந்த கரி, உலோகம் கலந்த நீரைவிடச் செறிவான நஞ்சு. கரி மண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டவர் அதைக் கத்தரிக்காய்ப் பாத்தியில் கொட்டினால், நாம் பிடித்த கட்மியம் சோற்றுத்தட்டுக்கே திரும்பி வரும். எரித்தால் இரசமும் கட்மியமும் ஈயமும் புகையில் ஏறும், மீதி சாம்பலில் நிற்கும். குப்பையோடு போட்டால் மழைநீரில் கசிந்து நிலத்தடிக்குப் போகும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 உயிர்களைப் பறித்த பிறகு, கொழும்பின் குப்பையில் எதைப் போடலாம் என்பதை நாம் இலேசாகப் பேச முடியாது. இத்தகைய கழிவை உரிமம் பெற்றோர் மட்டுமே கையாள வேண்டும் என்று தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. தன் சாக்குப்பையிலுள்ள ஐந்து கிலோ கரியை யாரிடம் ஒப்படைப்பது என்று சிறு பட்டறைக்காரர் கேட்டால், எளிதான பதில் இருக்க வேண்டும்.

ஐதான அமிலத்தால் கழுவினால் கரி பிடித்த உலோகத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும். கரியைச் சில தடவைகள் மறுபடி பயன்படுத்தலாம். ஆயிரம் லீற்றரில் பரவியிருந்த உலோகம் பத்து லீற்றர் அமிலத்துக்குள் வந்துவிடும். செம்பையும் நிக்கலையும் மின்பகுப்பால் உலோகமாகவே மீட்கலாம். ஈயமும் கட்மியமும் கலந்த மிச்சத்தைச் சீமெந்தில் கட்டியிறுக்கி, கசிவு சோதித்த பின் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். ஒரு பட்டறை தனியாக இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஐம்பது பட்டறைகளுக்கு ஒரு மையம் செய்யலாம்: ஒட்சியேற்றிய கரி நிரப்பிய சிறு உருளைகளை வாரந்தோறும் மாற்றிக் கொடுத்து, பழையவற்றை எடுத்துச் சென்று அமிலத்தால் மீட்டெடுக்கும் மையம். நகைத் தொழிலாளர் சங்கங்களும், கரி ஏற்றுமதி ஆலைகளும், பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் கொழும்பிலோ அதிலிருந்து எட்டக்கூடிய தூரத்திலோ இருக்கும்போது இதை வீண்கனவு என்று நான் நினைக்கவில்லை. ஏற்றுமதி ஆலைகள் தங்கள் விலைப்பட்டியலில் அயடீன் எண்ணுக்குப் பக்கத்தில், நிஜக் கழிவுநீரில் அளந்த ஈயப் பிடிப்பையும் அச்சிட்டால் அதுவே பெரிய தொடக்கம்.

எந்த உலோகத்தில் தொடங்குவது என்று கேட்டால் செம்பில் என்பேன். அதன் நீலம் கண்ணுக்குத் தெரியும். உருளைக்கு வெளியே வரும் நீரில் நீலம் தட்டினால் மாற்றும் காலம் கடந்துவிட்டது என்பதைப் பட்டறைச் சிறுவனும் அறிவான். மீட்ட செம்பை விற்றால் அமிலச் செலவில் ஒரு பங்கு தேறும். நிறமும் விலையும் இல்லாத கட்மியத்தையும் ஈயத்தையும் பிடிப்பதற்கு அதே உருளைகளைப் பயன்படுத்தலாம், மாதம் ஒருமுறை ஆய்வுகூடத்தில் நீரைச் சோதிக்கும் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால்.